ரிஜெக்ட் ஆன மைனா

என் அக்கா ஆளைப் பார்க்கமாட்டாள், தையலைத்தான் பார்ப்பாள். யாராவது வீட்டுக்கு வந்து சௌக்கியமா என்று கேட்டால் அவள் கண் முதலில் காலருக்குப் போகும், பட்டன் வரிசை வழியாக இறங்கும், கீழ் மடிப்பில் போய் நிற்கும். அதற்குப் பிறகுதான் வாய் திறந்து, "சௌக்கியம்" என்பாள். நான் வேலை பார்க்கும் நூலகத்தில் மேலதிகாரி ஓய்வு பெற்ற அன்று அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எல்லாரும் கண் கலங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் காதருகே குனிந்து, "அவர் சட்டையில ரெண்டாவது பட்டன் காஜா கோணல்" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் இருபத்து மூன்று வருடமாக ஃபைனல் செக்கிங் மேஜையில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நின்றுகொண்டேதான். தலைக்கு மேல் ட்யூப் லைட், முன்னால் சட்டைக் குவியல். ஒவ்வொரு சட்டையையும் முன்னே, பின்னே, உள்ளே என்று புரட்டி, குறை இருக்கும் இடத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ரிஜெக்ட் கூடையில் போடவேண்டும். அதைச் சரி செய்வது அவள் வேலை இல்லை, அதற்கு வேறு ஆட்கள். இவள் காட்டிக்கொடுத்தால் போதும். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை.

அந்த அம்புக்குறிகள் அவள் உடையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிடும். சீப்பில் ஒன்று இருக்கும், கரண்டிக் காம்பில் ஒன்று இருக்கும். ஒரு நாள் என் முதுகில் ஒட்டியிருந்ததைத் தெரியாமலே நான் வேலைக்குப் போய், புத்தகம் மாற்ற வந்த ஓர் அம்மாள் உரித்து என் கையில் கொடுத்தார். நான் எந்தக் கூடைக்குப் போகவேண்டியவள் என்று அவர் கேட்கவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

நான் அவளுக்குப் பதினோரு வயது இளையவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னைப் படிக்கவைக்கத்தான் அவள் அந்த மேஜைக்குப் போனாள். நான் படித்தேன், நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் வேலைக்கு வந்தேன், ஒரு கல்யாணமும் செய்து பார்த்துவிட்டு ஒத்துவராமல் பெட்டியோடு திரும்பி வந்தேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்து, "ஜிப் போயிருக்கு" என்றாள். அப்புறம் உள்ளே போய்த் தன் கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளி எனக்கு இடம் பண்ணினாள். அவள் நல்லவள்தான். ஆனால் நான் மடித்து வைத்த துணியை மறுபடி பிரித்து மடிக்கும் ஒருத்தியோடு ஒரே அறையில் இருப்பது எவ்வளவு அலுப்பு என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

போன வருடம் கம்பெனியில் புதிதாக ஒரு பரீட்சை வைத்தார்கள். நாற்பது சட்டை, அதில் இருபது சட்டையில் வேண்டுமென்றே குறை வைத்திருப்பார்கள். இரண்டு தவறவிட்டால் மன்னிப்பு. அதற்கு மேல் போனால் மேஜை கிடையாது, பேக்கிங்குக்குப் போய் அட்டைப்பெட்டி ஒட்டவேண்டியதுதான். அக்கா ஐந்தைத் தவறவிட்டாள். சூப்பர்வைசர் இவள் கையால் வேலை கற்றுக்கொண்ட பெண். அந்த மரியாதைக்கு, "இரண்டு மாசம் கழிச்சு இன்னொரு தடவை வெச்சுக்கலாம்க்கா" என்றாளாம்.

அன்று மாலை அக்கா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"எனக்கு வேற என்னடி தெரியும்? கண்ணு ஒன்னுதான். அதுவும் போச்சுன்னா நான் யாரு?"

சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன், காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன.

கண் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை என்றார். "ஒரு முழத் தூரத்தையே இருபது வருஷமா பார்த்துட்டு இருந்தா கண்ணு களைச்சுப்போகாதா? தினம் காலைல அரை மணி நேரம் தூரத்துல பாருங்க."

"தூரத்துல என்ன இருக்கு டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே அவளுக்குத் தெரியாது.

எங்கள் பால்கனியில் ஒரு நாற்காலி போட்டால் இன்னொருவர் நிற்கத்தான் இடம். எதிரே அடுத்த கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி, நாலைந்து கேபிள் வயர், டயர் கடைக்குப் பின்னால் பெயர் தெரியாத ஒரு மரம். முதல் நாள் காலை ஆறே காலுக்குப் போய் உட்கார்ந்தவள் ஐந்து நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டாள். தொட்டியின் பூச்சு மட்டமாக இல்லையாம். இரண்டாம் நாள், வயரில் தொய்வு ஒரே அளவாக இல்லையாம். ஏழே காலுக்குக் கம்பெனி பஸ். அதற்கு முன்னால் இப்படி ஒரு டியூட்டியும் சேர்ந்துகொண்டதே என்று எரிச்சல் வேறு. மூன்றாம் நாள் தொட்டியின் விளிம்பில் ஏதோ பழுப்பாக வந்து உட்கார்ந்தது. "அது என்னடி?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. அன்று நூலகத்திலிருந்து ஒரு பறவைப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தேன்.

பெரிய புத்தகம் அது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம், ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரியும். அக்கா புரட்டிப் பார்த்தாள், முகம் தெளிந்தது. கம்பெனியில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சாம்பிள் சட்டை முத்திரை போட்டு மேஜைக்கு மேலே தொங்கும். வருகிற சட்டை எல்லாம் அதைப்போல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ரிஜெக்ட். புத்தகத்தில் இருந்த படங்களை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். கம்பெனிப் படிவம் மாதிரியே கோடு போட்டு எழுதியிருந்தாள்.

"மைனா. எண்ணிக்கை 1. தலையில் இறகே இல்லை, மஞ்சள் தோல் தெரிகிறது. ரிஜெக்ட்."

"ஊதாத் தேன்சிட்டு. படத்தில் உடம்பு முழுக்க ஊதா. வந்ததில் கழுத்திலிருந்து வயிறு வரை ஒரே ஒரு கோடு. சாயம் ஏறவில்லை. ரிஜெக்ட்."

"காகம். இடது இறக்கையில் இரண்டு இறகு குறைவு. ரிஜெக்ட்."

பதினான்கு பறவைகள் வந்திருந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, இதையெல்லாம் தச்சது யாரு? யாருக்குத் திருப்பி அனுப்பப் போற?"

"சிரிக்காத. படத்துல ஒன்னு இருக்கு, வர்றது ஒன்னா இருக்கு. ஒன்னு புத்தகம் தப்பு, இல்ல இதுங்க தப்பு."

மறுநாள் நூலகத்தில் தேடி இன்னொன்றைக் கொண்டுவந்தேன். மெலிதான புத்தகம், வீட்டில் இருந்தபடியே பறவை பார்க்கிறவர்களுக்காக யாரோ பொறுமைசாலி எழுதியது. அதில் படம் குறைவு, பேச்சு அதிகம். பறவை வந்ததும் புத்தகத்தைத் திறக்காதீர்கள், பறவை போய்விடும், புத்தகம் எங்கும் போகாது என்று முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். முதலில் மொத்தமாகப் பாருங்கள், எவ்வளவு பெரியது, என்ன செய்கிறது, யாரோடு வந்திருக்கிறது. நிறமும் புள்ளியும் அப்புறம்.

"மொத்தமாப் பார்த்தா என்ன தெரியும்?" என்று அக்கா அலுத்துக்கொண்டாள். ஆனாலும் காலைச் சுடுதண்ணீரில் விட்டுக்கொண்டு தினம் இரண்டு பக்கம் படித்தாள். பாதி நாள் புத்தகம் மடியிலிருக்க அப்படியே தூங்கிவிடுவாள். நான் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டு, காலைத் துடைத்துவிட்டு, எழுப்புவேன்.

ஒரு நாள் தூங்கவில்லை. ஒரே பக்கத்தை மூன்று தரம் படித்தாள். பறவைகள் பழைய இறகை உதிர்த்துவிட்டுப் புதுசு முளைக்கவிடும், அந்தச் சமயத்தில் பார்க்கக் கண்றாவியாக இருக்கும், தேன்சிட்டுக்குக் கழுத்தில் கோடு மட்டும் மிஞ்சும், சில மைனாவுக்குத் தலையே மொட்டையாகிவிடும் என்று எழுதியிருந்தது.

"அப்ப அது குறை இல்லையா?"

"இல்லக்கா. இறகு மாத்துது."

அவள் முகம் வாடிப்போனது. "நல்ல பீஸை எல்லாம் தள்ளியிருக்கேனே" என்றாள். பிறகு நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, பதினான்கு ரிஜெக்டையும் ஒவ்வொன்றாக அடித்தாள். இருபத்து மூன்று வருடத்தில் அவள் தன் முடிவை மாற்றி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் என்னமோ நடந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, வீங்கிய கால் வீங்கியபடிதான் இருந்தது, காலையில் எழுந்திருக்கும்போது முனகல் அப்படியேதான் இருந்தது. ஆனால் ஆறே காலுக்கு நான் எழுப்பாமலே போய் உட்கார்ந்தாள். தலை மொட்டையான மைனாவுக்கு மொட்டை என்றே பெயர் வைத்தாள். கூட்டத்தில் எங்கே இருந்தாலும் அதைக் கண்டுபிடித்து, "வந்துட்டான் பாரு நம்ம மொட்டை" என்பாள். ஒரு நாள் காகம் ஒன்று காய்ந்த ரொட்டித் துண்டைக் கொண்டுவந்து, தொட்டியில் வழிந்து நின்ற தண்ணீரில் முக்கி முக்கி, ஊறினதும் தின்றது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். நோட்டில் எழுதியிருந்தாள்: "காகம். ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டது. நானும் அப்படித்தான்." குறைக்கென்று போட்ட கட்டம் காலியாக இருந்தது.

எனக்கு அதில் சந்தோஷம் என்று சொல்லிவிடலாம். ஆனால் உண்மையில் எனக்குப் பயம்தான் வந்தது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாதம்தான் தலை சீவும்போது என் வலது காதுக்குப் பின்னால் விரலுக்கு வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடி இரண்டு வைத்துப் பார்த்தேன். காசு அகலத்துக்கு முடியே இல்லை. புழுவெட்டு. டாக்டர் ஒரு மருந்து கொடுத்து, கவலைப்படாமல் இருந்தால் வளரும் என்றார். கவலைப்படாமல் இருப்பதற்கு அவர் மருந்து கொடுக்கவில்லை. நான் முடியை அந்தப் பக்கமாக இழுத்து க்ளிப் போட்டு மறைத்தேன். ஊரார் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், அக்கா கண்ணில் படக்கூடாது. கல்யாணம் போனது, இப்போது முடியும் போகிறது. இதற்கும் ஓர் அம்புக்குறி ஒட்டுவாளே, அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

ஒரு வாரம் போனது, அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் ஆனது. பக்கத்துப் பக்கத்தில் படுக்கிறோம், ஒரே கண்ணாடியில் தலை வாருகிறோம். சட்டைக்குள் அரை அங்குலத் தையல் விட்டுப்போனால் பிடிக்கிறவள், காசு அகலத்தைக் கண்டுகொள்ளவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே தலைக்குக் குளித்துவிட்டு, க்ளிப் போடாமல், ஈர முடியை ஒரு பக்கமாக வழித்துவிட்டுக்கொண்டு பால்கனியில் அவளுக்கு முதுகு காட்டி நின்றேன். வெயில் நேராக என் தலையில் விழுந்தது.

"டீ ஆறிடப் போகுது, குடி" என்றாள்.

அவ்வளவுதான். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் கண் போய்விட்டது. தொட்டி மேல் இருக்கிற மைனா தெரிகிறது, பக்கத்தில் இருக்கிற நான் தெரியவில்லை. பரீட்சையில் தேறமாட்டாள் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் எப்படிச் சொல்வேன்? என் தலையை அவளிடம் மறைக்க ஆரம்பித்தவள், அவள் கண்ணை அவளிடமே மறைக்கிறவளாக ஆகிவிட்டேன்.

"பறவை பார்த்தது போதும்க்கா, சட்டையைப் பார்த்துப் பழகு" என்று நச்சரித்தேன். என் பழைய சட்டைகளை எல்லாம் எடுத்து வைத்தேன். அவள் தொடவில்லை. "எட்டு மணி நேரம் அதைத்தானே பார்க்கிறேன். வீட்டுலயுமா?" என்றாள். அவளுக்கு அப்போது வேறு கவலை. மொட்டைக்கு இறகு முளைத்துவிட்டது. மைனாக்கள் ஏழெட்டு வந்து உட்கார்ந்தால் அதில் எது மொட்டை என்று தெரியவில்லை. "நல்லாயிட்டான். ஆனா ஆளைத் தொலைச்சுட்டோம்" என்றாள் பெருமூச்சோடு.

பரீட்சை நாள் வந்தது. காலையில் வழக்கம்போல அரை மணி நேரம் உட்கார்ந்தாள், வழக்கம்போல பஸ்ஸுக்குப் போனாள். நான் அன்று நூலகத்தில் இரண்டு பேருக்குத் தவறான புத்தகத்தைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயந்திரம் அவள் வந்து செருப்பைக் கழற்றி நேராக வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பேக்கிங்குக்குப் போகச் சொல்லிட்டாங்க. திங்கள்கிழமையிலேர்ந்து."

"எத்தனை விட்ட?"

"ஒட்டினது பதினேழு."

"மூணு தெரியலையா?"

"மூணும் தெரிஞ்சுது. நூல் நுனி நீட்டிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். மத்ததெல்லாம் முழுசாப் பார்த்தா அருமையான சட்டை. அதைப் போய் ரிஜெக்ட் கூடையில போட மனசு வரல. சின்னக் கத்தரியால நறுக்கிட்டு நல்ல குவியல்ல வெச்சேன்."

"இதைச் சூப்பர்வைசர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'உங்க வேலை காட்டுறதுதான்க்கா, சரி பண்றது இல்ல. நறுக்கினீங்கன்னு நான் எப்படி நம்புறது?'ன்னா. தரையெல்லாம் நூல்தானே. எதைன்னு எடுத்துக் காட்டுறது?"

நானும் நம்பவில்லை. அவள் வாழ்க்கையில் சொல்லாத பொய்யை இப்போது என்னிடம் சொல்கிறாள், கண் போனதை ஒத்துக்கொள்ள முடியாமல் சாக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதைவிட அழுகையும் கோபமும் வேறு எதற்கு வரும்?

"பொய் சொல்லாதக்கா. உனக்குக் கண்ணு தெரியல. எனக்கு ரெண்டு வாரமாத் தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

நான் க்ளிப்பைப் பிடுங்கித் தரையில் போட்டேன். "எப்படின்னா கேக்குற? தினம் உன் பக்கத்துலதான் படுக்குறேன். உன் முன்னாடி வந்து நின்னு காட்டினேன். உனக்குத் தெரிஞ்சுதா? நான் தெரிஞ்சேனா உனக்கு?"

அக்கா எழுந்து வரவில்லை. என் தலைப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. குனிந்து தன் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"வலது காதுக்குப் பின்னால, ரெண்டு விரல் மேல. காசளவு. அதுக்குக் கீழ கடுகளவு இன்னொன்னு."

"இன்னொன்னு இல்ல."

"இருக்கு. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். காசு அகலத்துக்குக் கீழே, முடிக்கு நடுவில், விரல் நுனி பட்டால் மட்டும் தெரிகிற மாதிரி ஓர் இடம் வழவழவென்று இருந்தது. இரண்டு கண்ணாடி வைத்துத் தினம் பார்த்த எனக்கே அது தெரியாது.

"பெருசுல பொடி முடி வருது. வெயில்ல நின்னப்ப பார்த்தேன். சின்னதுல இன்னும் வரல."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ க்ளிப்பை மாத்திப் போட்ட அன்னைக்கே."

"ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

அக்கா காலைத் தேய்ப்பதை நிறுத்தினாள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தாள். காலரை இல்லை, மடிப்பை இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"இறகு மாத்துதுன்னு நெனச்சேன்" என்றாள்.